மழை, காற்று, மின்னல்: மலையுச்சியில் ஹாம் வானொலி இயக்குவதன் அடிப்படைகள்

உரிமம் பெற்ற தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வானொலி அலைகளில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதே அமெச்சூர் வானொலி. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். சிறிய வானொலிப் பெட்டி, பேட்டரி, கம்பி ஆன்டெனா ஆகியவற்றை முதுகுப்பையில் சுமந்து மலையுச்சிக்கு ஏறி, அங்கிருந்து பேசுவது அதன் ஒரு கிளை. வானம் தெளிந்திருக்கும் நாளில் இதில் பெரிய சிக்கல் இல்லை. மழையும் காற்றும் குளிரும் சேரும்போதுதான் புதிதாக இதில் இறங்குபவர்களுக்குக் குழப்பம் தொடங்குகிறது.

அந்தக் குழப்பத்துக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மழை பெய்தால் சிக்னல் போகாது என்பது ஒன்று. கையில் வானொலி இருக்கும்வரை என்ன நேர்ந்தாலும் உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. ஹாம் வானொலியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் அலைகளை மழை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. அது ஆன்டெனாவைத் தாக்குகிறது, பேட்டரியைத் தாக்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தாக்குகிறது. ஆகவே கெட்ட வானிலைக்கென்று ஒரு நிலையத்தை அமைக்கும்போது, அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதைவிட எவ்வளவு விரைவாகக் கழற்றிப் பையில் வைக்க முடியும் என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மலை எதற்கு?

வானொலி அலைகளை இங்கே இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை சிற்றலைகள். இவை தரையிலிருந்து 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பி, கண்டம் விட்டுக் கண்டம் போகக்கூடியவை. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை, குறிப்பாகப் பலரும் கைக்கருவியில் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் பட்டை, பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இவற்றுக்கு உயரம்தான் எல்லாம்.

கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அலையின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்த கருவிக்கு இது 6 கிலோமீட்டர் கூட இல்லை. சுற்றியுள்ள சமவெளியைவிட 1000 மீட்டர் உயர்ந்த உச்சியில் அதே கருவிக்கு 130 கிலோமீட்டர். எதிரில் பேசுபவரும் அதே உயரமுள்ள மலையில் இருந்தால் 260. ஐந்து வாட் கைக்கருவி இந்தத் தூரத்தை எட்டுவதில் வியப்பில்லை, இடையில் மறிக்க எதுவும் இல்லை.

இந்த வசதியை ஒரு விளையாட்டாக ஒழுங்குபடுத்தியது ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்ற திட்டம். 2002 மார்ச் 2 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கி, இன்று உலகின் பல பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. சுருக்கமாகச் சோட்டா. உயரத்துக்கேற்ப ஒவ்வொரு உச்சிக்கும் 1 முதல் 10 வரை புள்ளிகள் உண்டு. கெட்ட வானிலையைப் பற்றிப் பேசும்போது இதன் விதிகளில் நான்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. புள்ளி பெற நான்கு வெவ்வேறு நிலையங்களுடன் தொடர்புகொண்டால் போதும். நாற்பது தேவையில்லை.

2. உச்சியின் முனையிலேயே நிற்க வேண்டியதில்லை. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் கீழே வரையுள்ள பகுதி முழுவதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

3. வாகனத்தின் உள்ளிருந்தோ, அதன் மின்சாரத்தைப் பயன்படுத்தியோ இயக்கக் கூடாது. கருவிகள் அனைத்தையும் சுமந்தே செல்ல வேண்டும்.

4. பல நாடுகளின் பட்டியல்களில் குளிர்காலத்துக்கு 3 கூடுதல் புள்ளிகள் உண்டு.

நான்காவது விதி ஆட்களைக் கடுமையான பருவத்தில் மலைக்கு இழுக்கிறது. முதல் இரண்டும் அவர்களைக் காப்பாற்றக்கூடியவை. ஆனால் புதியவர்கள் நான்காவதை நினைவில் வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். காற்று அறையும் உச்சிக்கல்லை விட்டு, மறுசரிவில் இருபது மீட்டர் இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் உட்காருவது விதிப்படியே சரி. சிற்றலையில் இதனால் இழப்பு மிகக் குறைவு. 144 மெகாஹெர்ட்ஸில் மட்டும், மலை மறைக்கும் திசையை இழக்க நேரிடும். எந்தப் பக்கத்தில் ஊர்கள் அதிகமோ அந்தப் பக்கச் சரிவே காற்று மறைவாகவும் அமைந்தால் அது நல்வாய்ப்பு.

வானிலை அலையை என்ன செய்கிறது?

மழை, மேகம், பனி எல்லாம் வளிமண்டலத்தின் அடிப்பகுதியில் நடப்பவை. துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டர், வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர், அவ்வளவுதான் அந்த அடுக்கின் உயரம். சிற்றலையைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் அதற்கு வெகு மேலே இருக்கிறது. அதை ஆள்வது சூரியன். கீழே புயல் வீசினாலும் 14 மெகாஹெர்ட்ஸ் அலை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மழைத்துளி அலையை விழுங்கத் தொடங்குவது ஏறத்தாழ 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அங்கே அலைநீளம் 3 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதால் துளியின் அளவு பொருட்படுத்தத்தக்கதாகிறது.

அந்த 10 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மழை உதவியும் செய்கிறது. தொலைவில் நிற்கும் கனத்த மழைத்திரள் அலையை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். இரண்டு நிலையங்கள் தங்கள் வட்ட ஆன்டெனாக்களை ஒன்றையொன்று நோக்கித் திருப்பாமல், இரண்டும் ஒரே மேகத்தை நோக்கித் திருப்பி, பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் பேசிக்கொள்ள முடியும். துளிகள் நகர்வதால், குறுகிய, நீண்ட ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸின் தூய ஒலி கரகரத்துக் கேட்கும். இதை நுண்ணலைப் பிரியர்கள் ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். மேகம் தொலைவில் இருக்கும்வரை எனக்கும் அது அழகான இயற்பியலாகவே தோன்றுகிறது.

144 மெகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. உயர் காற்றழுத்தம் நிலவும் அமைதியான நாளில், கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாக அடுக்கு தலைகீழாகும். அப்போது அலை அந்த அடுக்கில் வளைந்து தொடுவானத்தைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் போகும். பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கி நிற்கும் காலை இதற்கு ஓர் அடையாளம். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மலையுச்சி அந்த அடுக்குக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்தால், கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் நெடுந்தூரம் பேசிக்கொள்ள, உச்சியில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காமல் போகலாம். காற்றும் மழையும் வந்தால் இந்த அடுக்குகள் கலைந்துவிடும். வழக்கமான நேர்கோட்டுத் தூரம் மட்டும் மிஞ்சும். நான்கு தொடர்புகளுக்கு அது போதும்.

ஆன்டெனாவில் சேரும் மின்னூட்டம்

கெட்ட வானிலையில் சிற்றலை இயக்குபவர்கள் முதலில் சந்திக்கும் விசித்திரம் இது. இடி மின்னல் எதுவும் இல்லை. சாரலோ, காய்ந்த பனித்தூளோ காற்றில் பறந்து கம்பியின் மேல் படுகிறது. ஒலிபெருக்கியில் முதலில் ‘டக்... டக்...’ என்று விட்டுவிட்டுச் சத்தம். பிறகு அது நெருங்கி, தொடர்ந்த சீறலாகி, எல்லாக் குரலையும் மூழ்கடித்துவிடுகிறது. கேபிளைக் கழற்றி முனையை விரலால் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது.

துகள் ஒவ்வொன்றும் சிறிதளவு மின்னூட்டத்தைச் சுமந்துவருகிறது. அது கம்பியில் சேர்கிறது. சேர்ந்தது வடிய வழியில்லாவிட்டால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்காவது ஓர் இடைவெளியில் பொறியாகத் தாண்டுகிறது. ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு பொறி. அந்தப் பொறி வானொலியின் உள்ளீட்டுப் பகுதியில் விழுந்தால், அங்குள்ள மெல்லிய டிரான்சிஸ்டர்கள் நொடியில் கெட்டுப்போகும். அதன்பின் பெட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஒலிபரப்பும், ஆனால் காது மட்டும் போயிருக்கும்.

தீர்வு மலிவானது. ஆன்டெனாவின் இரு முனைகளுக்கும் இடையில் சுமார் 100 கிலோஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக இணைத்துவிட்டால், மின்னூட்டம் சேரச்சேர வடிந்துகொண்டிருக்கும். வானொலி அலையின் மின்னோட்டத்துக்கு அந்தத் தடை மிகப் பெரியது என்பதால், ஆன்டெனாவோடு கேபிள் சேரும் 50 ஓம் ஊட்டுமுனையில் சிக்னல் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நடுவில் அல்லாமல் ஒரு முனையில் கேபிளை இணைக்கும் அரையலை ஆன்டெனாக்களுக்கு 49:1 மின்மாற்றி தேவைப்படும். அது இரு பக்கத்துக்கும் ஒரே சுருள் பொதுவாக அமைந்த தன்மின்மாற்றி (autotransformer) வகையாக இருந்தால் மின்னூட்டம் வடியும் பாதை அதிலேயே அமைந்துவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி தொல்லையைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

சீறல் கேட்டதும் மின்தடையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. தலைக்கு மேலே மின்புலம் வலுக்கும்போதும், கூரான முனைகளிலிருந்து மின்னூட்டம் கசிந்து இதே சத்தம் எழும். சாரல் இல்லாத நேரத்தில், கருமேகம் நகர்ந்துவரும்போது சீறல் எழுந்தால் அதை மின்னலின் முன்னறிவிப்பாகவே கொள்ள வேண்டும்.

மின்னல்

இதில் பேரம் பேச இடமில்லை. மரமற்ற உச்சியில் ஆறு மீட்டர் கம்பத்தை நட்டு, அதனுடன் கேபிளால் இணைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனும் மாட்டியிருக்கும் ஒருவரைவிட மோசமான இடத்தில் இருப்பவர் யாரும் இல்லை. கம்பம் ஃபைபர்கிளாஸ் என்பதால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் மேல் ஓடும் கம்பி செம்பு. நனைந்த கம்பமும் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் ஃபைபர் கம்பம் காய்ந்திருந்தாலும் கடத்தும்.

மின்னலைப் பார்த்ததற்கும் இடி கேட்டதற்கும் இடையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் என்பதே காரணம். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால், நீலவானத்தின் கீழேயும் மின்னல் இறங்கக்கூடும். இடி ஓசை நன்றாகக் கேட்கும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே இடி காதில் விழுந்துவிட்டது என்றாலே எட்டும் தூரத்துக்குள் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை உச்சிக்குத் திரும்பக் கூடாது.

வானொலி இயக்குபவருக்கு மற்ற மலையேறிகளிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. பெட்டியே மின்னலைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எந்த முறையில் கேட்கிறோம் என்பது முக்கியம்.

1. எஃப்எம் முறை அலையின் வீச்சில் ஏற்படும் மாற்றங்களை வெட்டி எறிந்துவிடும். அதனால்தான் அது தெளிவாகக் கேட்கிறது. அதே காரணத்தால் மின்னலின் ‘கடகட’வும் அதில் மறைந்துபோகும். 144 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் பேசிக்கொண்டிருப்பவர் எச்சரிக்கையின்றி மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

2. ஏஎம் முறையில், நடுவலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குத் திருகிவைத்தால், ஒவ்வொரு மின்னலும் வெடிப்பாகக் கேட்கும். வெடிப்புகள் வலுத்தும் அடுத்தடுத்தும் வரத் தொடங்கினால் மூட்டையைக் கட்ட வேண்டும்.

3. 7 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழும் கேட்கும் கடகடப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து அயனி மண்டலம் வழியாக வந்ததாகவும் இருக்கலாம். 28 மெகாஹெர்ட்ஸ் பட்டை வெறிச்சோடிக் கிடக்கும்போது அங்கேயும் அதே வெடிப்புகள் கேட்டால், மின்னல் அருகில் இருக்கிறது.

தலைமுடி நட்டுக்கொள்வது, ஊன்றுகோலின் உலோக முனை ரீங்கரிப்பது, கம்பத்தின் நுனியில் நீல ஒளி தெரிவது: இவை ஏதேனும் நடந்தால் எதையும் கழற்ற நிற்கக் கூடாது. பெட்டி, கம்பம், ஆன்டெனா எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு இறங்க வேண்டும். தனி மரத்தடியிலும், ஆழமற்ற குகையிலும், பாறை விளிம்பின் கீழும் ஒதுங்கக் கூடாது. தரை வழியாகப் பாயும் மின்னோட்டம் அத்தகைய இடைவெளிகளைத் தாண்டும்போது உள்ளிருப்பவரின் உடலைப் பாதையாக்கிக்கொள்ளும். கூடாரமும் காப்பு ஆகாது. பலர் சேர்ந்து போயிருந்தால் இடைவெளி விட்டு இறங்க வேண்டும். ஒரே மின்னலில் அனைவரும் விழுந்துவிட்டால் முதலுதவி செய்ய ஆள் இருக்காது.

காற்று

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 61 நியூட்டன். 20 மீட்டர் வேகத்தில் 245. அடிவாரத்தில் தாங்கிய கம்பம் மேலே முறிவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

தொலைநோக்கி போல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கம்பத்துக்கு மூன்று இழுகயிறுகளை 120 பாகை இடைவெளியில், நுனியில் கட்டாமல் கம்பத்தின் கீழ்ப்பாதியில் கட்டுவது நல்லது. மேல்பகுதி வளைந்துகொடுக்கட்டும். நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரிவாக இறக்கும் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) என்றால் அதன் இரண்டு கைகளே இரண்டு இழுகயிறாகிவிடும். மூன்றாவதைக் காற்று வரும் திசையில் கட்ட வேண்டும். உறைபனிக்காலத்தில் கம்பத்தின் மூட்டுகளில் நீர் புகுந்து உறைந்து, மடக்கவே முடியாமல் போவதுண்டு. விரித்த நிலையில் ஆறு மீட்டர்க் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு செங்குத்துப் பாதையில் இறங்குவது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன இழக்கிறோம்? 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். அதற்கு ஆறு மீட்டர் உயரமே மிகத் தாழ்வுதான், ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு தாழ்வான டைபோல் அலையைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்பும். பகலில் அது அயனி மண்டலத்திலிருந்து திரும்பி, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டர் பரப்பை நிரப்பும். உயரத்தை இன்னும் மூன்று மீட்டர் குறைத்தாலும் அருகிலுள்ளவர்களுடன் நான்கு தொடர்புகள் கிடைப்பது பெரும்பாலும் தடைபடாது. கடல்கடந்து பேசும் ஆசையைத் தெளிந்த நாளுக்கு ஒத்திவைக்கலாம்.

நனைந்த ஆன்டெனா சற்று நீண்டதுபோல் நடந்துகொள்ளும், அது நன்றாக இயங்கும் ஒத்ததிர்வு அலைவரிசை கொஞ்சம் கீழே இறங்கும். சாதாரணக் கோஆக்சியல் கேபிளுக்கு மழையால் பாதிப்பில்லை. இரு கம்பிகள் இணையாக ஓடும் ஏணிக் கேபிள் நனைந்தால் அதன் இயல்பே மாறிவிடும் என்பதால், மழைநாளில் அதைத் தவிர்க்கலாம். இணைப்பான் தொங்கும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாக விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

உட்கார்ந்திருக்கும் உடல்

மலையேற்றத்தில் குளிரைப் பற்றிச் சொல்லப்படுவன எல்லாம் நடந்துகொண்டிருப்பவரை மனத்தில் வைத்துச் சொன்னவை. வானொலி இயக்குபவர் நடப்பதில்லை. செங்குத்தாக ஏறும் உடல் 500 வாட்டுக்கும் மேல் வெப்பம் உண்டாக்குகிறது. உட்கார்ந்துவிட்டால் அது 100 வாட்டுக்கு இறங்கிவிடும். ஏறும்போது வழிந்த வியர்வையால் உட்சட்டை ஈரமாக இருக்கும். ஈரத்தின் வழியே வெப்பம் பல மடங்கு வேகமாக வெளியேறும். இத்தனையும் நடப்பது, காற்று மிக வேகமாக வீசும் இடத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அடிவாரத்தில் 15 பாகை செல்சியஸ். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். ஆகவே உச்சியில் 8.5. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் வெறும் தோலுக்கு அது 4 பாகைபோல் இருக்கும். இந்தக் கணக்கில் மழையும் ஈர உடையும் சேரவில்லை. அடிவாரத்தில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர் உச்சியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். உறைபனி இல்லாத மலைகளிலும் உடல்வெப்பக் குறைவு ஏற்படுவது இப்படித்தான்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவதையே மருத்துவத்தில் உடல்வெப்பக் குறைவு என்கிறார்கள். முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் தடுமாறும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. ஆனால் ஹாம் வானொலியில் எதிர்முனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வழக்கமாகச் சுத்தமாக மோர்ஸ் தட்டுபவர் எழுத்துகளை விழுங்கினால், நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை இரண்டு மூன்று முறை கேட்டும் தவறாகத் திருப்பிச் சொன்னால், கீழே வீட்டில் இருப்பவர் ‘குளிர்கிறதா? போதும், இறங்குங்கள்’ என்று சொல்லத் தயங்கக் கூடாது. இதைச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் வளர வேண்டும் என்று நினைக்கிறேன். சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை கடுமையாகிவிட்டது என்று பொருள்.

உச்சியை அடைந்ததும் செய்யும் வேலைகளின் வரிசை மிக முக்கியம். பலரும் ஆன்டெனாவை முதலில் விரிக்கிறார்கள், குளிர் தெரிந்தபின் சட்டையைத் தேடுகிறார்கள். முதலில் ஈர உட்சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிய வேண்டும். அதன் மேல் கனத்த ஆடையையும் காற்றுத்தடுப்பையும் போட்டு, தரைக்கும் உடலுக்கும் இடையில் நுரைத்துண்டு ஒன்றை விரித்து, அதன் பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ஏறிய சூடு இன்னும் மிச்சமிருக்கும்போதே அதைச் சிறைப்படுத்திக்கொள்வதுதான் இதன் நோக்கம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதை உடலோடு ஒட்டி அணியவே கூடாது.

விரல்கள் மரத்துப்போகும் என்பதை வைத்தே இணைப்புகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கால் திருப்பில் பூட்டும் பிஎன்சி இணைப்பான் கையுறையோடும் இயங்கும். பல சுற்று திருக வேண்டிய பிஎல்-259 அப்படி அல்ல. முடிச்சுக்குப் பதில் கொக்கி நல்லது. ஈரத்தில் தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. பந்துமுனைப் பேனாவும் எழுதாது. பென்சிலும் நீர்புகாத தாளும் எந்த வானிலையிலும் எழுதும்.

பேட்டரி

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும், கொள்ளளவு குறையும். ஐந்து வாட் பெட்டி ஒன்று கேட்கும்போது 0.4 ஆம்பியரும் பேசும்போது 2 ஆம்பியரும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பேசினால் சராசரி 0.93 ஆம்பியர். 3 ஆம்பியர்மணி பேட்டரி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். கொள்ளளவு பாதியாகும் அளவுக்குக் குளிர்ந்தால் ஒன்றரை மணி நேரம். நான்கு தொடர்புகளுக்கு அதுவும் தாராளம். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்து, கம்பியை மட்டும் வெளியே விட்டால் இந்த இழப்பும் பெரும்பாலும் நேராது.

எல்லோரும் இப்போது பயன்படுத்தும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. சுழியத்துக்குக் கீழே அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், ஆனால் மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாக எதிர்மின்வாயின் மேல் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். உறைபனி மலையில் சூரியத்தகட்டை இணைத்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மேலே இருக்கும் நேரத்தைக் குறைப்பது

1. போகும் உச்சியையும் உத்தேச நேரத்தையும் அலைவரிசையையும் முன்கூட்டியே இணையத்தில் அறிவித்தால், கேட்பவர்கள் காத்திருப்பார்கள். அறிவிக்காமல் போய் அரை மணி நேரம் வெற்று அலையில் கூவிக்கொண்டிருப்பது வெயில்நாளுக்கு உரியது.

2. அழைப்பைப் பெட்டியின் நினைவகத்தில் பதிந்துவைத்தால், அது தானாக ஒலிபரப்பும்போது கைகளைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

3. மோர்ஸ் தெரிந்தவர் மோர்ஸில் அழைக்கட்டும். குரலுக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலம் தேவை. மோர்ஸை 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் கேட்கலாம். உள்ளே வரும் இரைச்சல் ஏறத்தாழ 7 டெசிபெல் குறைகிறது, அதாவது சுமார் ஐந்து மடங்கு ஆற்றலுக்குச் சமமான பலன். சுமை ஒரு கிராம்கூட ஏறவில்லை.

4. 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவியில் நான்கு தொடர்புகள் கிடைக்கும் பகுதி என்றால் சிற்றலைக் கம்பத்தை விரிக்கவே வேண்டாம். ஆனால் சிக்னலை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசினால் சோட்டாவில் கணக்கில் சேராது.

5. கழற்றிக் கட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கையுறையோடு வீட்டிலேயே செய்து பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் அந்த ஆன்டெனா கெட்ட வானிலைக்கு உரியதல்ல.

உதவிக்கு அழைப்பது

உயிராபத்தில் இருக்கும் நிலையம் தன் கையிலுள்ள எந்த வானொலி வழியையும் பயன்படுத்தி உதவி கேட்கலாம், தன் இடத்தைத் தெரிவிக்கலாம். சர்வதேச வானொலி ஒழுங்குமுறைகள் அதைத் தடுக்கவில்லை. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் அவசரத் தொடர்புக்கு மைய அலைவரிசைகளைக் குறித்திருக்கிறது. 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் அங்கே அந்த நொடியில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற உறுதி எதுவும் இல்லை. கம்பம் முறிந்து, விரல் மரத்து, பேட்டரி தளர்ந்த பிறகுதான் உதவி தேவைப்படும் என்பதையும் நினைக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு நேரடியாகச் சிக்னல் அனுப்பும் தனிநபர் அவசர மின்கருவி ஒரு பொத்தானில் இயங்கும். தனியாக மலையேறுபவர் அதைச் சுமப்பதே முறை.

வானொலியில் இடத்தைச் சொல்லும்போது ஒரு பிழை அடிக்கடி நேரக்கூடும். உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும், ஹாம்கள் பழகிய ஆறு குறியீட்டு மெய்டன்ஹெட் கட்டம் போட்டிக்குப் போதும், மீட்புக் குழுவுக்குப் போதாது. அதன் ஒரு கட்டம் தெற்கு வடக்காக ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டருகே கிழக்கு மேற்காக 9 கிலோமீட்டருக்கு மேல். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமத்தில் நான்கு இடம் வரை சொன்னால் பிழை பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கும். அந்த எண்களை உச்சியில் உட்கார்ந்ததுமே, மனம் தெளிவாக இருக்கும்போது, பதிவுத் தாளின் மேல் எழுதிவைத்துவிட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. குளிர்ந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால், அறைக்காற்றின் ஈரம் அதன் சுற்றுப்பலகைகளில் வியர்த்துப் படியும். காற்றுப் புகாத பையில் மூடியபடியே சில மணி நேரம் விட்டு, அறைவெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். பேட்டரியை மின்னேற்றத்தில் போடுவதும் அதற்குப் பிறகுதான். ஆன்டெனாக் கம்பியையும் கயிறுகளையும் சுருட்டியபடி விட்டுவிடாமல் விரித்து உலர்த்த வேண்டும். கம்பத்தின் அடிமூடியைத் திருகிக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தனியாக வெளியே எடுத்துத் துடைத்துக் காயவைக்க வேண்டும். உள்ளே தங்கிய நீரும் மணலும்தான் அடுத்த ஏற்றத்தில் மூட்டுகளை இறுக்கிவிடுகின்றன.